சக்கரத்தில் ஒரு விரிசல்

பொத்தானை அழுத்தியதும் என்ஜின் உயிர் பெற வேண்டும். எங்கள் லாரி அவ்வாறு செய்வதை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இரும்போடு இரும்பு உரசி, உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் குழந்தையைப் போல் ஓர் ஓசையை எழுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். வண்டி வெறுமையாக இருந்தால், கியரில் போட்ட நிலையிலேயே நாலு பேர் சேர்ந்து ஒரு சாண் தூரம் அசைப்போம். மறுபடி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏற்றியிருந்தால் அந்த வழியும் இல்லை. அடியில் படுத்து, கம்பியால் நெம்பிப் பிளைவீலை நாலைந்து பல் நகர்த்திவிட்டு, உடம்பெல்லாம் புழுதியும் கிரீசுமாக எழுந்து வர வேண்டும். ஆகவே காலையில் ஓடத் தொடங்கிய என்ஜினை மாலைவரை அணைக்காமலே வைத்திருக்கப் பழகிவிட்டோம். டீசல் விற்கும் விலையில் இது எத்தகைய புத்திசாலித்தனம் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். காரைக்குடியின் எல்லையில் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிறோம். எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற ஆஸ்தி அந்தக் கொட்டகையும், அதன் முன்னே புளிய மரத்தடியில் நிற்கும் இந்த லாரியுமே. கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்களில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு விறகு ஏற்றிக் கொடுப்பது இதன் தொழில். மற்ற லாரிகள் கரையோடு நின்றுவிடும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற இந்த வண்டி உள்ளே இறங்கி, பாரத்தோடு ஏறி வந்துவிடும். ஆண்டுக்கொரு முறை வேறொரு வேலையும் உண்டு. பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தர் திருநாளை முன்னிட்டு எங்கள் பக்கத்து மக்கள் ஓரியூருக்கு நடந்து போகையில், அண்டா, அரிசி மூட்டை, ஜமுக்காளம், கால் வீங்கியவர்களின் பைகள் யாவும் இதில்தான் போகும். (ஆட்களை ஏற்றுவதில்லை. கேட்கிறவர்கள் பலர், சட்டம் இடம் கொடுக்காது.)

வண்டியின் பெயர் சக்திமான். ராணுவத்தில் இருந்து வந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். ஜெர்மனி நாட்டு எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் இது செய்யப்பட்டது. முதலில் 1904இல் வெள்ளையர் ஆட்சியில் தோன்றிய பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலும், பிறகு 1969இல் அதே ஊரில் வாகனங்களுக்கென்றே ஏற்பட்ட தனித் தொழிற்சாலையிலுமாக, 1990களின் நடுப்பகுதிவரை சக்திமான்கள் உருவாகி வெளிவந்தன. 1965, 1971 ஆகிய இரு போர்களிலும் சிப்பாய்களுக்குச் சோறும் குண்டும் சுமந்த வண்டி இது. பின்னர் அதன் இடத்தை நம் சென்னையில் பிறந்த அசோக் லேலண்டு நிறுவனத்தின் ஸ்டாலியன் பிடித்துக்கொண்டது. ராணுவம் கழித்துவிட்ட சக்திமான்கள் ஏலத்தில் போய், மலைக்காட்டில் மரம் இழுக்கவும் குவாரியில் கல் சுமக்கவும் வந்து சேர்ந்தன. எங்களுடையது அப்படி இரண்டு கை மாறி வந்தது. பச்சை வர்ணத்தைச் சுரண்டினால் அடியில் இன்னொரு பச்சை இருக்கும்.

எம்.ஏ.என். என்பதன் முதல் எழுத்துகள் இரண்டு ஊர்ப் பெயர்களை அடக்கியவை: ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க். டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் தம் முதல் என்ஜினை 1893இல் சோதித்ததும், நான்கு ஆண்டுகள் பாடுபட்டு 1897இல் வெற்றி கண்டதும் அந்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில்தான். அதே ஊரில் புனித இராயப்பர் பெயரால் விளங்கும் ஓர் ஆலயத்தில் 1700ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட ஒரு படம் இருக்கிறது. மரியன்னை ஒரு நீண்ட நாடாவில் விழுந்த சிக்கல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் பெரிதும் போற்றியதால் உலகெங்கும் பரவிய 'முடிச்சுகளை அவிழ்க்கும் மரியா' பக்தி இந்தப் படத்திலிருந்து பிறந்ததே. எங்கள் வீட்டு மாடத்திலும் அந்தப் படம் உண்டு. மாடத்துப் படமும் வாசலில் நிற்கும் லாரியும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது நெடுநாள் எங்களுக்குத் தெரியாது.

இனி பிளைவீலுக்கு வருவோம். மானாமதுரையில் குயவர் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோலை ஊன்றிச் சில சுற்று வேகமாகச் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுவார். சக்கரம் தன் பாரத்தாலேயே சுழன்றுகொண்டிருக்கும். அதற்குள் பானை எழுந்துவிடும். எரேமியா இறைவாக்கினர் போய்ப் பார்த்த குயவன் வீட்டிலும் இதே தத்துவந்தான் வேலை செய்திருக்க வேண்டும். என்ஜினிலும் அவ்வாறே. ஆறு சிலிண்டர் உள்ள என்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று முறைதான் எரிபொருள் வெடித்துத் தள்ளுகிறது. ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் என்ஜின் தடுமாறாமல், முன் கிடைத்த வேகத்தைச் சேமித்து வைத்துத் தருவது கிராங்க் ஷாப்டின் பின் முனையில் மாட்டப்பட்ட கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம். அதன் முகத்தில்தான் கிளச்சுத் தகடு வந்து பிடிக்கிறது. அதன் விளிம்பில் ஓர் எஃகு வளையம் பல்லோடு இறுக்கப்பட்டிருக்கிறது; அதை ரிங் கியர் என்பார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு சக்கரம் அந்தப் பல்லில் கோத்துத்தான் என்ஜினை முதல் சுற்றுச் சுற்றுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ரிங் கியர் முழுவதும் ஒரே சீராகத் தேய்வதில்லை. என்ஜினை அணைத்ததும் அது சுழன்று சுழன்று தளர்ந்து, ஏதோ ஒரு சிலிண்டரில் காற்றை அழுத்த முடியாமல் நின்றுவிடுகிறது. ஆறு சிலிண்டர் என்ஜினில் அப்படி நிற்கும் இடங்கள் மூன்றே. எத்தனை ஆண்டு ஓடினாலும், எந்த ஊரில் நிறுத்தினாலும், அந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஆகவே ஸ்டார்ட்டர் எப்போதும் அந்த மூன்று இடத்துப் பற்களையே கடிக்கிறது. மற்றப் பற்கள் புதுசாகவே இருக்கின்றன. எங்கள் தாய்மாமன் இதைச் சொல்லும்போது, "மனுசன் விழுகிற இடமும் மூணோ நாலோதான், மருமகனே, ஆத்தும சோதனைக்கு உட்கார்ந்தால் தெரியும்" என்பார்.

மாமா ராணுவத்தில் சப்ளை பிரிவில் ஓட்டுநராக இருந்தவர். 1971இல் கிழக்கு எல்லையில் சக்திமான் ஓட்டியவர். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. கண் மங்கல், காது கூர்மை. எங்கள் தந்தையார் இருந்த காலத்திலேயே அவர் இந்த ரிங்கைச் சூடேற்றிக் கழற்றி, அறுபது பாகை திருப்பி மாட்டிக் கொடுத்திருந்தார். தேயாத பற்கள் தேய்ந்த இடத்துக்கு வந்தன. வண்டி இன்னும் பல ஆண்டுகள் ஓடிற்று. இப்போது அந்தப் பற்களும் போயின. ஒரே ரிங்கில் ஆறு இடத்தில் தேய்மானம். மூன்றாவது முறை திருப்ப இடமில்லை.

கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை. வண்டியை விற்க ஏற்பாடு செய்திருந்தோம். எங்களில் இளையவனின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் ஆண்டுக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் வழி இந்த லாரியைத் தவிர வேறில்லை. தேவகோட்டைக்குத் தெற்கே கரிமூட்டம் வைத்திருக்கும் ஒருவர் 3,20,000 ரூபாய்க்குப் பேசி, 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். "ஈஸ்டர் கழிந்ததும் எடுத்துக்கொள்கிறேன், பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான்" என்பது அவர் நிபந்தனை. அப்போது தவக்காலம் தொடங்கி ஒரு வாரம்.

புரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கழற்றி, கியர்பாக்சைச் சங்கிலியில் தொங்கவிட்டுப் பின்னுக்கு இழுப்பதற்குள் ஒரு பகல் போயிற்று. ராணுவ வண்டியைச் செய்தவர்கள் அதை யாரும் கழற்றக்கூடாது என்று நினைத்துச் செய்தார்களோ என்று தோன்றும். ஒவ்வொரு போல்ட்டும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். கிளச்சை எடுத்ததும் பிளைவீலின் முகம் தெரிந்தது. தகட்டின் ரிவெட்டுகள் உரசி வட்டவட்டமாகக் கோடு விழுந்திருந்தது. சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகள். அவற்றின் மேல், வற்றிய கண்மாயின் தரையைப் போலப் பொடிவெடிப்புகள். இவை பழைய சக்கரத்தில் இருக்கக்கூடியவையே. லேத்தில் ஏற்றி முகத்தைக் கடைந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

மாமா சக்கரத்தை ஒரு கயிற்றில் தொங்கவிடச் சொன்னார். சிறு சுத்தியலால் தட்டினார். நல்ல வார்ப்பிரும்புச் சக்கரம் கோயில் மணியைப் போல ஒலி நீட்டும். இது 'டொக்' என்றது. பானை வாங்குகிற பெண்கள் விரலால் சுண்டிப் பார்த்து ஒதுக்குவார்களே, அந்தச் சத்தம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தைத் துடைத்து, நடுப்பகுதியில் மண்ணெண்ணெயைத் தடவி அரைமணி நேரம் விட்டார். பிறகு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டித் தூளை மெல்லத் தூவினார். வெள்ளைப் பொடியில் மெதுவாக ஒரு கறுப்புக் கோடு ஊறி எழுந்தது. கிராங்க் ஷாப்டில் மாட்டும் ஒரு போல்ட் துளையில் தொடங்கி, கிளச்சுத் தகடு பிடிக்கும் முகத்தின் உள்விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிற்று. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் அவ்விடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"இது இனிமேல் சக்கரமில்லை" என்று சொல்லிவிட்டு மாமா கை கழுவப் போய்விட்டார்.

வேறு சக்கரத்துக்கு எங்கே போவது? சக்திமானுக்கு இப்போது புதிய உதிரிப் பாகம் செய்வாரில்லை. மதுரையில் தெரிந்த இடங்களிலெல்லாம் கேட்டோம், இல்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம் என்றார்கள். எப்போது கிடைக்கும், என்ன விலை என்று சொல்ல ஆளில்லை. இதற்கிடையில், முகத்தையாவது கடைந்து வைப்போம் என்று கடைசல் பட்டறைக்குக் கொண்டு போனோம். கடைந்த பிறகு முகம் கண்ணாடி போல் ஆயிற்று. பொடிவெடிப்புகள் போயின. அந்த ஒரு விரிசலின் நுனி மட்டும் மயிரிழையாக நின்றது.

"நடுவில் இரண்டு கை ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள், அண்ணே. மேலே கிளச்சு வந்து உட்கார்ந்துவிட்டால் கடவுளுக்குக்கூடத் தெரியாது" என்றார் மேஸ்திரி. அவர் கெட்டவர் அல்லர். எங்கள் கஷ்டம் தெரிந்து, உதவி என்று நினைத்தே சொன்னார்.

இந்த யோசனையை எங்களில் யார் முதலில் ஏற்றுக்கொண்டது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவன் தூரிகையைப் பிடித்தான். மற்றவன் டப்பாவைப் பிடித்தான். புதிய ரிங் ஒன்று மதுரையில் கிடைத்தது; அதையும் மாட்டிவிட்டோம். செம்மண் நிறத்தில் நடுவும், வெள்ளி போல் முகமும், புதிய பல்லுமாகச் சக்கரம் பார்க்க வெகு அழகாக இருந்தது. பெஞ்சின் மேல் சாக்குப்போட்டு மூடி வைத்தோம். ஏனோ உடனே எடுத்து மாட்ட இருவருக்கும் கை எழவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருவன் சொன்னால், மற்றவன் சரி என்பான்.

இப்படிப் பதினொரு நாள் போயிற்று. எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் பல. அந்த விரிசலோடுதான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. இன்னும் பத்து வருஷம் ஓடினாலும் ஓடும். வாங்குகிறவர் பழைய வண்டி என்று தெரிந்துதானே வாங்குகிறார்? ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதுதானே அவர் நிபந்தனை? ஆகத்தான் போகிறது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போனோம். பதினாலு ஸ்தலத்திலும் எழுந்து முழங்காலிட்டோம். எங்கள் மனம் முழுவதும் சாக்கின் அடியில் இருந்தது என்பதே உண்மை. அந்த ஆண்டுத் தவக்காலத்தில் நாங்கள் மாமிசம் தொடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பன்னிரண்டாம் நாள் கரிமூட்டக்காரர் முன்னறிவிப்பின்றி வந்தார். கூட ஒரு பையன். பத்தொன்பது வயது இருக்கலாம். கியர்பாக்ஸ் இல்லாமல் ஜாக்கியில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கேட்காமலே ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தான். எதிலும் இணைக்கப்படாத கிளச்சுப் பெடலை இடது காலால் அமுக்கி அமுக்கி விட்டான்.

மாமா புளிய மரத்தடியில் நாற்காலியில் இருந்தார். "யாரது மேலே?" என்று கேட்டார்.

"என் மகன்தான், ஐயா. இனிமேல் அவன்தான் ஓட்டப் போகிறான். லைசென்சு வாங்கிவிட்டான்" என்றார் வந்தவர்.

மாமா எங்கள் பக்கம் திரும்பவில்லை. சாக்கின் அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நாங்கள் கேட்டதில்லை. வர்ணத்தின் வாசனை மண்ணெண்ணெய் வாசனையைப் போலன்று. மூக்கில் நாள்கணக்கில் நிற்கும்.

வாசகர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றினால், சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 188 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வண்டி நின்ற இடத்தில் நின்றாலும் விளிம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வேகத்தில் வார்ப்பிரும்பு பிளந்தால் துண்டுகள் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். அந்தச் சக்கரம் இருக்கும் இடம் ஓட்டுநரின் காலடி. இடது கால் கிளச்சை அமுக்குகிறதே, அதற்கு நேர் கீழேயும் சற்று முன்னேயுமாக அது சுழல்கிறது. இந்தக் கணக்கு எங்களுக்குப் பதினொரு நாளும் தெரிந்திருந்தது. பெடலின் மேல் ஒரு கால் வந்து அமர்ந்த பிறகுதான் அதன் விடை தெரிந்தது.

அவர்கள் புறப்படும் வேளையில், "அண்ணே, கொஞ்சம் இருங்கள்" என்று கூப்பிட்டோம். இருவரும் ஏககாலத்தில் கூப்பிட்டோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சாக்கை எடுத்தோம். தின்னரில் நனைத்த துணியால் வர்ணத்தைத் துடைத்தோம். அவர் கண்முன்னே மண்ணெண்ணெய் தடவி, சாக்குத்தூள் தூவிக் காட்டினோம்.

அவர் எங்களைப் பாராட்டவில்லை. நெடுநேரம் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "வர்ணம் அடித்தது யார்?" என்று கேட்டார். நாங்கள்தான் என்றோம். "அப்படியானால் இந்த வண்டியில் இன்னும் எங்கெங்கே வர்ணம் அடித்திருக்கிறீர்களோ" என்றார். எவ்வளவு நியாயமான கேள்வி! எங்களிடம் பதில் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதில் 9,000 ரூபாய் ரிங்குக்கும் கடைசலுக்குமாகச் செலவாகியிருந்தது. அன்று மாலையே எங்களில் மூத்தவனின் மனைவி தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக் கடைக்குப் போய் வந்து 25,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தோம். பையன் மட்டும் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான், வண்டியைத்தான்.

வீட்டில் இரண்டு நாள் யாரும் அதிகம் பேசவில்லை. கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கு ஒரு வழி அடைபட்டது. அடகுச் சங்கிலிக்கு வட்டி என்று புதிதாக ஒரு வழி திறந்தது. "முதல் நாளே சொல்லியிருந்தால் வர்ணச் செலவாவது மிஞ்சியிருக்கும்" என்று இளையவனின் மகள் சொன்னாள். கட்டணம் கட்ட வேண்டியவளே அப்படிச் சொன்னதால் எங்களுக்குத் தலை நிமிர்ந்தது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மூச்சு வந்தது. விற்க முடியாத வண்டியை ஓட்டியே பணம் தேட வேண்டும் என்றாயிற்று. அதற்கும் சக்கரம் வேண்டும்.

காரைக்குடியிலிருந்து அதிகாலையில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டியில் சென்னைக்குப் போனோம். எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டை கூப்பிடு தூரந்தான். அங்கே கழித்துவிடப்பட்ட வாகனங்களை அங்கம் அங்கமாகப் பிரித்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கையில், உத்தான நாளில் எது எதோடு சேரும் என்ற எண்ணம் வராமற்போகாது. இரண்டு நாள் அலைந்தோம். மூன்று பேர் டாட்டா வண்டியின் சக்கரத்தைக் காட்டிச் சக்திமானுடையது என்று சத்தியம் செய்தார்கள். நாலாவது கடையில், ஒரு முதியவர் எங்கள் கையில் இருந்த அளவுக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மாடிப்படியின் கீழிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

சக்கரம் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. போல்ட் துளைகளின் இடைவெளியும் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். இடம் மாறாமல் அமர்வதற்கான ஊசித் துளை சரியான இடத்தில் இருக்க வேண்டும். முகம் எவ்வளவு கடையப்பட்டிருக்கிறது என்று ஆழத்தை அளக்க வேண்டும். ரிங்கின் பல் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட்டரோடு சேராது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறி விளிம்பில் அதே இடத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் டீசல் பம்பை வேளைக்கு இணைப்பது குருடன் மணி பார்ப்பது போல் ஆகிவிடும். எல்லாம் ஒத்திருந்தன. ஆயினும் நாங்கள் கடைக்காரரிடம் ஒரு கயிறும் சுத்தியும் கேட்டோம். தொங்கவிட்டுத் தட்டினோம். தெருவின் இரைச்சலுக்கு நடுவிலும் அது நீண்டு ஒலித்தது. 14,000 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தோம், முதியவர் அசையவில்லை. லாரிப் பார்சலில் போட்டு அனுப்பினோம்.

இந்தச் சக்கரத்தின் ரிங்கும் தேய்ந்திருந்தது. பழைய சக்கரத்தில் புதிதாக மாட்டிய ரிங் சும்மா இருக்கிறது. அதை எடுத்து இதற்குப் போட்டோம். ரிங்கை மாட்டுவது பார்க்க வேடிக்கையான வேலை. வளையம் சக்கரத்தைவிட இம்மியளவு சிறியது. குளிர்ந்த நிலையில் எந்தச் சுத்தியாலும் ஏறாது. கருவேலக் கரியை வட்டமாகப் பரப்பித் துருத்தி வைத்து, வளையத்தை அதன்மேல் வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடேற்றினோம். ஈயப்பற்றுக் கம்பியின் நுனியால் தொட்டால் ஈயம் உருகி ஓட வேண்டும். எஃகு நீலமாகிவிடக் கூடாது. நீலமானால் பல்லின் உரம் போய்விடும். மாமா கண்ணுக்கு நிறம் தெரியவில்லை, "வைக்கோல் நிறம் வந்ததா, வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்ததும் இரண்டு குறடுகளால் தூக்கி, பல்லின் சரிவு ஸ்டார்ட்டர் வரும் பக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, சக்கரத்தின் மேல் இறக்கினோம். அது தானாகவே 'சொத்'தென்று விழுந்து அமர்ந்தது. நாலைந்து நிமிடத்தில் ஆறிச் சுருங்கிப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றி அவசரப்படுத்தலாகாது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினோம். டயல் கேஜை வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்ததில், முள் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் அசையவில்லை. நடுவில் உள்ள சிறு பேரிங்கையும் மாற்றினோம். அதை மாற்றாமல் விட்டுக் கியர்பாக்சை இரண்டாம் முறை இறக்கியவர்களை எங்களுக்குத் தெரியும். கிளச்சுத் தகட்டை நடுவில் நிறுத்துவதற்குப் பூவரசங்கட்டையில் ஒரு தண்டு கடைந்து கொடுத்தார் அதே லேத்து மேஸ்திரி. காசு வாங்க மறுத்துவிட்டார். எதற்காக என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

புனித வாரத்தின் புதன்கிழமை மாலை பொத்தானை அழுத்தினோம். பல்லைக் கடிக்கும் ஓசை இல்லை. ஒரே பிடியில் என்ஜின் எழுந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் கையை வைத்து நின்றார். "அணை" என்றார். அணைத்தோம். "போடு" என்றார். போட்டோம். இப்படி ஒன்பது முறை. மூன்று நிற்கும் இடங்களிலும் அவர் சோதித்துவிட்டார் போலும்.

கட்டணத்தைப் பற்றி வாசகர்கள் கவலைப்படுவார்கள். கோடை முழுவதும் இரவிலும் நடை ஓட்டினோம். பாதிப் பணம் அதில் வந்தது. மீதி கடன்தான். சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது. மகள் இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள்.

எஞ்சியது பழைய சக்கரம். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்ள வந்தார். தராசில் வைக்கப் போகையில் மாமா தடுத்தார். "முழுசாகக் கொடுத்தால் இன்னொருவன் வர்ணம் அடிப்பான். உடைத்துக் கொடுங்கள்" என்றார். பெரிய சம்மட்டியை எடுத்து, சக்கரத்தை இரண்டு கல்லின் மேல் வைத்து, முறைபோட்டு அடித்தோம். வலுவுள்ள வார்ப்பிரும்பை உடைக்க அரைமணி நேரம் ஆகும் என்று நினைத்திருந்தோம். நாலாவது அடியில் பிளந்தது.

பிளந்த முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தோம். புதிதாக உடைந்த வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் சர்க்கரை போல் மினுங்கும். அப்படி மினுங்கிய பகுதி விளிம்பை ஒட்டி இரண்டு விரற்கடைதான் இருந்தது. மற்றது முழுவதும் பழைய எண்ணெய் ஊறிக் கறுத்தும், துருவேறிச் சிவந்தும் கிடந்தது. மேலே நாங்கள் கண்டது கோட்டின் நுனி. உள்ளே அது எப்போதோ ஏறக்குறைய வெளிவிளிம்புவரை போய்விட்டிருந்தது. மாமா அந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சொரசொரப்பு எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியும். பிறகு துண்டைத் தராசில் போட்டார். கடைக்காரர் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்து, 34 கிலோ என்றார்.